ஹார்டுக்கு எதிர்ப்பதம் சாஃப்ட்டா, ஈஸியா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில முக்கால்வாசி ஒரே வார்த்தையப் பத்தி. தேவகோட்டைலருந்து ஒரு ஆச்சி கேட்ட கேள்விய போன இதழ்ல போட்டு "இடம் இல்ல, பதில் அடுத்த மாசம்"னு ஒரு வரி விட்டிருந்தோம், அதப் பாத்துட்டு ஆளாளுக்கு அதே வார்த்தையில அவங்கவங்க சந்தேகத்தக் கிளப்பி அனுப்பிட்டாங்க. சரி, எல்லாத்துக்கும் ஒரே பந்தியா இலை போட்டுருவோம்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். தமிழ்ல எழுதும்போது கெட்டிங்கிற ஹார்டும் நெஞ்சுங்கிற ஹார்ட்டும் ஒண்ணு போலவே வந்து நிக்கும். அதனால இங்க கடைசியில "டு" போட்டிருந்தா கெட்டி, "ட்" போட்டிருந்தா நெஞ்சு. ஹார்டு டிரிங்க் வேற, ஹார்ட் அட்டாக் வேற, ஒண்ணு இன்னொண்ணுல போய் முடியும்ங்கிறது தனிக்கதை.

கேள்வி: என் பேரன் மூணாங் கிளாஸ். பரீட்சையில ஹார்டுக்கு எதிர்ப்பதம் கேட்டிருக்காக, இவன் சாஃப்ட்னு எழுதிட்டு வந்துட்டான். டீச்சர் அத அடிச்சுட்டு சிவப்பு மையில ஈஸின்னு எழுதி விட்டிருக்காக. ரெண்டு வருசத்துக்கு முன்ன இவன் அக்கா இதே கேள்விக்கு ஈஸின்னு எழுதி அவளுக்கும் தப்பு போட்டாக, அப்ப சாஃப்ட்தான் சரின்னாக. இப்ப ரெண்டும் என் முன்னாடி நின்னுக்கிட்டு "அப்பத்தா எது சரி"ங்குதுக. நான் எட்டாவதோட நிறுத்துனவ, எதச் சொல்ல? – வாசகி, தேவகோட்டை

ஆச்சி, ரெண்டு பிள்ளையும் எழுதினது சரி. தப்பு கேள்வித்தாள்ல இருக்கு.

எப்படின்னு கேட்டா உங்க அடுப்படியிலருந்தே சொல்றேன். பச்சைக்கு எதிர்ப்பதம் என்ன? சொல்லிப் பாருங்க. பச்சரிசின்னா எதிர்ல புழுங்கரிசி. பச்சத்தண்ணின்னா வெந்நி. பச்சமிளகான்னா வத்தல். பச்ச மரம்னா பட்ட மரம். ஒரே பச்சைதான், பக்கத்துல எது வந்து உக்காருதோ அதப் பொறுத்து எதிர்ல நிக்கிற ஆளு மாறிக்கிட்டே இருக்கு. வெறுமன "பச்சைக்கு எதிர்ப்பதம் எழுதுக"ன்னு ஒருத்தர் கேள்வி போட்டா நீங்க என்ன சொல்லுவீங்க, "எந்தப் பச்சை"ன்னுதான கேப்பீங்க? ஹார்டுக்கும் அதேதான், எந்த ஹார்டுன்னு கேக்காம பதில் சொல்ல முடியாது.

கணக்கு ஹார்டுன்னா எதிர்ல ஈஸி. மெத்தை ஹார்டுன்னா எதிர்ல சாஃப்ட். "சாஃப்ட்டான கணக்கு"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "ஈஸியான மெத்தை"ன்னும் சொல்ல மாட்டாங்க. எழுத்துத் தமிழ்லயும் இதே பிரச்சினை இருக்கு, கடினமான கேள்விக்கு எதிர்ல எளிய கேள்வி, கடினமான பாறைக்கு எதிர்ல மென்மையான மண்ணு, ஆக கடினங்கிற வார்த்தையும் ரெட்டை வாசல் வச்ச வீடுதான். பேச்சுத் தமிழ்ல பாத்தா நாம கொஞ்சம் உஷாரு. கணக்கு கஷ்டமா இருக்கும், பாறை கெட்டியா இருக்கும், மாத்திச் சொல்ல மாட்டோம். ஆனா அந்தக் கெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டாலே போதும், கெட்டிச் சட்னிக்கு எதிர்ல தண்ணிச் சட்னி, கெட்டிச் சாயத்துக்கு எதிர்ல சாயம் போற துணி, கெட்டிக்காரனுக்கு எதிர்ல மக்கு. ஒரு மொழியும் சுத்தம் இல்ல ஆச்சி.

இங்கிலீஷ்ல ஹார்டு போற இடமெல்லாம் சாஃப்ட் கூடவே போகும்னு நெனச்சா நடுவழியில விட்டுட்டுப் போயிரும். கம்ப்யூட்டர்ல ஹார்டு டிஸ்க் இருக்கில்ல, அதுக்கு எதிர் சாஃப்ட் டிஸ்க் கெடையாது, ஃப்ளாப்பி. ஃப்ளாப்பின்னா தொளதொளன்னு வளையுறது. 1956-லயே ஐபிஎம் கம்பெனி ஒரு டன்னுக்கு மேல எடையில அந்த மாதிரி டிஸ்க் வச்ச பொட்டிய வெளிய விட்டாச்சு, அப்ப அது வெறும் டிஸ்க்தான், 1971-ல வளையுற ஃப்ளாப்பி வந்தப்புறம்தான் பழசை ஹார்டுன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டி வந்துச்சு. சின்ன மருமக வந்தப்புறம்தான இருக்குறவ பெரிய மருமக ஆவா, அதே கதைதான். இப்ப ஃப்ளாப்பியே செத்துப் போச்சு, எதிராளி இல்லாம ஹார்டு மட்டும் நிக்குது.

ஹார்டுவேர், சாஃப்ட்வேர் மட்டும் ஒழுங்கான சோடி. அதுலயும் ஹார்டுவேர்தான் ரொம்பக் காலம் மூத்தது, ஆணி, கீல், தாழ்ப்பா விக்கிற சாமானுக்கு இருந்த பேரு. காரைக்குடியில ஹார்டுவேர்ஸ்னு போர்டு போட்ட கடையில போய் கீபோர்டு கேட்டுப் பாருங்க, சாவி மாட்டுற பலகை எடுத்துத் தருவாரு. சாஃப்ட்வேர்ங்கிறது அதப் பாத்து கேலி மாதிரி முளைச்ச வார்த்தை, 1958-ல ஜான் டூக்கிங்கிற கணக்கு வாத்தியார் எழுதின கட்டுரையில கம்ப்யூட்டர் அர்த்தத்துல அச்சுல வந்திருக்கு.

நிலாவுக்கு விட்டதுல இன்னொரு கூத்து. 2023 ஆகஸ்ட் 23 அன்னிக்கு சந்திரயான் 3 எறங்குனது சாஃப்ட் லேண்டிங், பூப்போல எறங்குச்சு. 2019 செப்டம்பர் 7-ல சந்திரயான் 2-ஓட விக்ரம் எறங்குனத பார்லிமெண்ட்ல அரசாங்கம் ஹார்டு லேண்டிங்னு பதில் சொல்லுச்சு. அதாவது மோதிருச்சு. "விழுந்துட்டான்"ங்கிறதுக்கு "வேகமா உக்காந்துட்டான்"னு சொல்ற மாதிரி மரியாதையான வார்த்தை. இங்க ஹார்டுக்கு அர்த்தம் கெட்டியும் இல்ல, கஷ்டமும் இல்ல.

முட்டையில ஹார்டு பாயில்டுன்னா மஞ்சக்கரு முழுசா வெந்தது, சாஃப்ட் பாயில்டுன்னா உள்ள கொழகொழன்னு இருக்குறது. நம்ம ஊர் ஆஃப்பாயில் இதுல எதுலயும் சேராது, அத வேகவைக்கவே மாட்டோம், கல்லுல ஊத்திப் பொரிச்சிட்டு பாயில்னு பேரு வச்சிருக்கோம், அதப் பத்தி வேற ஒரு மாசம் பேசலாம். காது மந்தமானவங்கள ஹார்டு ஆஃப் ஹியரிங்னு சொல்லுவாங்க, நல்லா காது கேக்குறவங்கள சாஃப்ட்னும் சொல்ல முடியாது, ஈஸின்னும் சொல்ல முடியாது, அங்க எதிர்ப்பக்கம் காலி நாற்காலிதான்.

இன்னொண்ணு, தீபாவளிக்குச் சுட்ட தேன்குழல நாலு நாள் டப்பா மூடாம வச்சா என்ன ஆகுது, நமுத்துப் போகுது. இங்கிலீஷ்காரன் அதப் பாத்து சாஃப்ட்னு சொல்லுவான். பணியாரத்த சாஃப்ட்னா பாராட்டு, தேன்குழல சாஃப்ட்னா அவமானம், சுட்ட ஆச்சி அப்புறம் ஒரு வாரம் பேச மாட்டாக.

டீச்சரோட சண்டைக்குப் போயிராதீங்க, பாவம் அவங்களுக்கு விடைத்தாள்ல ஒரே ஒரு பதில்தான் அச்சடிச்சுக் குடுத்திருப்பாங்க. பையன்கிட்ட மட்டும் சொல்லுங்க, அடுத்த தடவ "ஹார்டு பெட் – சாஃப்ட் பெட்"னு பக்கத்துல பொருளையும் சேத்து எழுதச் சொல்லி. அதுக்கு மேல தப்பு போட்டா எனக்கு எழுதுங்க.

கேள்வி: வீட்டுல புதுசா போர் போட்டோம். தண்ணிய டெஸ்ட் பண்ண வந்த தம்பி "ஹார்டுனஸ் 450 சார், சாஃப்ட்னர் போட்டே ஆகணும்"னு எழுபதாயிரத்துக்கு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்காரு. தண்ணியில என்னங்க கெட்டி, மெத்து? அத மாட்டுனா எங்க ஊருணித் தண்ணி மாதிரி நல்ல தண்ணி ஆயிருமா? – வாசகர், கானாடுகாத்தான்

ஆகாது. முதல்ல அதச் சொல்லிடுறேன், எழுபதாயிரம் பெரிய காசு.

தண்ணியில கரைஞ்சிருக்குற கால்சியமும் மெக்னீசியமும் ஜாஸ்தியா இருந்தா அது ஹார்டு வாட்டர், கம்மியா இருந்தா சாஃப்ட் வாட்டர். தொட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் சோப்புப் போடும்போது தெரியும், ஹார்டு தண்ணியில நுரை வராம வெள்ளையா திரிதிரியா பக்கெட் ஓரத்துல ஒட்டும். இன்னொரு எடம் பருப்பு. கால்சியம் பருப்போட செல் சுவத்துல இருக்குற பெக்டின்ங்கிற பசையில போய் ஒட்டிக்கிட்டு அத எளக விடாது, அதான் போர்த் தண்ணியில போட்ட துவரம்பருப்பு எத்தன விசில் அடிச்சாலும் முழிச்சிக்கிட்டே கெடக்கும். எங்க அப்பத்தா ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவுக, ஆனா பருப்புக்கும் சோத்துக்கும் ஊருணித் தண்ணி, பாத்திரம் கழுவ கெணத்துத் தண்ணின்னு ரெண்டு கொடம் தனித்தனியா வச்சிருந்தாக. மழை பெய்ஞ்சா வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, தாவாரத்துலருந்து கொட்டுற தண்ணிய அண்டாவுல பிடிச்சு வச்சு அதுல சீயக்கா தேச்சுக் குளிச்சா முடி பட்டு மாதிரி இருக்கும்பாக. மழைத்தண்ணியில கால்சியம் ஏறவே வழியில்ல, அதவிட சாஃப்ட் வாட்டர் கெடையாது. நம்ம பக்கத்துல வீட்டுக்கூரைய வளவுப் பக்கமாச் சாச்சு வச்சதும், ஊருக்கு ஊரு ஊருணி வெட்டுனதும் சும்மா அழகுக்கு இல்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நாம நல்ல தண்ணி, உப்புத் தண்ணின்னு ரெண்டா பிரிக்கிறோம் (நல்ல தண்ணிக்கு எதிர்ப்பதம் கெட்ட தண்ணி இல்லைங்கிறத தேவகோட்டை ஆச்சி கவனிக்கணும்). இங்கிலீஷ்காரன் ஹார்டு, சாஃப்ட்னு ரெண்டா பிரிக்கிறான். ரெண்டு கோடும் ஒரே எடத்துல விழல, குழப்பம் அங்கதான். கரிக்கிறது பெரும்பாலும் சோடியம் உப்பு. சோப்பத் திரிக்கிறது கால்சியமும் மெக்னீசியமும். சாஃப்ட்னர் மிஷின் என்ன பண்ணுதுன்னா தண்ணியில இருக்குற கால்சியம் மெக்னீசியத்தப் பிடிச்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்த உள்ள விடுது, அதனாலதான் அந்த மிஷினுக்கு மூட்டை மூட்டையா உப்பு வாங்கிப் போடணும். சோப்பு நுரைக்கும், ஹீட்டர்ல பொருக்கு கட்டாது, ஆனா கரிக்கிற தண்ணி கரிச்சுக்கிட்டேதான் இருக்கும். கரிப்பு போகணும்னா ஆர்ஓ, அது வேற மிஷின், வேற செலவு. தம்பி இத உங்ககிட்ட சொன்னாரான்னு எனக்குத் தெரியல, கேட்டுப் பாருங்க.

450-ங்கிறது லிட்டருக்கு 450 மில்லிகிராம். இந்திய தர நிர்ணயத்துல குடிதண்ணிக்கு 200 வரைக்கும் பரவாயில்ல, வேற தண்ணியே கெடைக்காத எடத்துல 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. ஆக நீங்க நடுவுல நிக்கிறீங்க, "போட்டே ஆகணும்"ங்கிறது கொஞ்சம் ஓவர். ஹீட்டர், வாஷிங் மிஷின் ரெண்டும் அடிக்கடி மக்கர் பண்ணுதுன்னா போடுறதப் பத்தி யோசிங்க, குடிக்கிறதுக்காகன்னா வேண்டாம்.

ஹார்டுனஸ்லயும் ரெண்டு வகை. கொதிக்க வச்சா போறது தற்காலிகம், போகாதது நிரந்தரம். கொதிக்க வச்சா போறது எங்க போகுதுன்னு உங்க வெந்நி அண்டாவக் கவுத்து அடியப் பாருங்க, வெள்ளையா ஓடு மாதிரி பொருக்கு. நகத்தால பேத்து கையில வச்சுக்கோங்க. அது கால்சியம் கார்பனேட். அப்புறம் அப்படியே நடந்து வந்து உங்க பழைய வீட்டு முகப்புச் சுவர தடவிப் பாருங்க, சுண்ணாம்ப அரைச்சு முட்டை வெள்ளைக்கரு சேத்து கண்ணாடி மாதிரி இழைச்ச பூச்சு, அந்தச் சுண்ணாம்பும் காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடக் குடிச்சுக் குடிச்சு எறுகி ஆனது அதே கால்சியம் கார்பனேட்தான். கீழ இத்தாலியப் பளிங்கு போட்டிருந்தா அதுவும் அதுதான். சுவத்துல இருந்தா பெருமை, அண்டாவுல இருந்தா தொல்லை.

கேள்வி: முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுச் சாமான் யாவாரம் பண்றேன். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பர்மாத் தேக்குத் தூணத் தட்டிப் பாத்து "ஹார்டுவுட்"னாரு, சரின்னேன். பையன் வச்சு விளையாடுற பால்சாக் கட்டை ஏரோப்பிளேன எடுத்து அதையும் "ஹார்டுவுட்"னாரு. ஊதுனாப் பறக்குறது எப்படிங்க ஹார்டு? கேலி பண்றாரா? – வாசகர், காரைக்குடி

கேலி இல்ல, அவர் சொன்னது சரி. மர விஷயத்துல ஹார்டு, சாஃப்ட் ரெண்டும் கெட்டியப் பத்தின பேச்சே இல்ல, சாதிப் பேரு மாதிரி ஆயிருச்சு. பூத்துக் காய்ச்சு கனிக்குள்ள விதை வைக்கிற மரமெல்லாம் ஹார்டுவுட், பைன், தேவதாரு மாதிரி கனி இல்லாம கூம்புல விதை வைக்கிறதெல்லாம் சாஃப்ட்வுட். அதனால ஒரு கனமீட்டருக்கு 650 கிலோ வர்ற தேக்கும் ஹார்டுவுட்தான், 160 கிலோ சுமாருக்கு வர்ற பால்சாவும் ஹார்டுவுட்தான். யூன்னு ஒரு மரம், அந்தக் காலத்துல இங்கிலாந்துல வில்லு செஞ்ச மரம், தேக்களவு கெட்டி, அது சாஃப்ட்வுட். பேரு வச்சவன் அவன் ஊரு மரத்த மட்டும் பாத்து வச்சுட்டான்.

நம்மாளுங்க இதுல வேற வழியில போயிருக்காங்க. தொல்காப்பியம் மரபியல்ல "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப"ன்னு இருக்கு. காழ்னா வைரம், அதாவது கட்டையில இருக்குற கெட்டி. வெளிப்பக்கம் வைரம் இருந்தா அது புல்லு, உள்பக்கம் வைரம் இருந்தா அது மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் இந்தக் கணக்குல புல்லு! இன்னிக்குத் தாவரவியல்காரங்களும் பனைய தேக்கோட சேக்காம புல்லு பக்கத்துலதான் வைக்கிறாங்க. கெட்டியா இல்லையான்னு கேக்காம கெட்டி எங்க இருக்குன்னு கேட்டிருக்காரு பாருங்க மனுசன். உங்க கடையில ஆசாரி "வைரம் பாஞ்ச கட்டை"ன்னு சொல்றது அந்தக் காழத்தான். அடுத்த தடவ அந்த வெளிநாட்டுக்காரர் வந்தா இதச் சொல்லி தூணுக்கு ரெண்டாயிரம் கூடச் சொல்லுங்க.

கேள்வி: காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூல "ஐ ஆல்வேஸ் வொர்க் ஹார்டுலி"ன்னு சொன்னேன், மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. ஸ்லோ – ஸ்லோலி, சாஃப்ட் – சாஃப்ட்லி மாதிரிதானே ஹார்டு – ஹார்டுலி? – மாணவி, காரைக்குடி

அம்மாடி, நீ சொன்னதுக்கு அர்த்தம் "நான் எப்பவுமே வேலை பாக்குறதே இல்ல". சிரிச்சிருக்க வேண்டாம்தான், ஆனா நானும் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ.

உன் லாஜிக்ல தப்பு இல்ல, மொழிக்குத்தான் லாஜிக் இல்ல. "வொர்க் ஹார்டு"ன்னு அப்படியே விட்டாலே கடுமையா உழைக்கிறதுதான். அதுல "லி" ஒட்டுனதும் அர்த்தம் தடம் மாறி "கிட்டத்தட்ட இல்லவே இல்ல"ன்னு ஆயிருச்சு. கஷ்டப்பட்டு ஒண்ணு நடக்குதுன்னா அது நடந்தும் நடக்காத மாதிரிதானே, அந்த வழியாத்தான் அங்க போயிருக்கு. சாஃப்ட்லி மட்டும் சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை, மெதுவான்னே நின்னுருச்சு. அதனால ஹார்டுலிக்கு எதிர்ப்பதம் சாஃப்ட்லி இல்ல, வேணும்னா "ஆல்வேஸ்"னு சொல்லலாம், நீ அதையும் அதே வாக்கியத்துல போட்டுட்ட.

அந்த இன்டர்வியூல சாஃப்ட் ஸ்கில்ஸ்னு மார்க் போட்டிருப்பாங்களே, அந்த வார்த்தைய பெருசா பொழங்குனது யாரு தெரியுமா, அமெரிக்க ராணுவம். 1972-ல அதுக்குன்னே ஒரு மாநாடு நடத்துனாங்க. மிஷின், துப்பாக்கியோட மல்லுக்கட்டுற வேலை ஹார்டு, மனுசனோடயும் பேப்பரோடயும் பாக்குற வேலை சாஃப்ட். பேருதான் சாஃப்ட், டாங்கி ஓட்டுறதவிட மேனேஜரச் சமாளிக்கிறது கஷ்டம்னு வேலைக்குப் போன மறுநாள் தெரிஞ்சிரும்.

கேள்வி: "அவனுக்கு அவ மேல ஒரு சாஃப்ட் கார்னர்"ங்கிறோமே, அப்ப ஹார்டு கார்னர்னு ஒண்ணு உண்டா? – வாசகர், பொன்னமராவதி

மேசை ஓரத்துல முட்டிய இடிச்சுக்கிட்டா அது ஹார்டு கார்னர். இங்கிலாந்துல, அமெரிக்காவுல அத சாஃப்ட் ஸ்பாட்னுதான் சொல்லுவாங்க, கார்னர் ஆக்குனது நாம. மனசுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் குடுத்திருக்கோம், இருந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: பேத்தி இங்கிலீஷ் பாடத்துல ஹார்டு சி, சாஃப்ட் சின்னு படிக்கிறா. நம்ம வல்லினம், மெல்லினத்தப் பாத்து எடுத்ததா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பத்தூர்

ஐயா, ஆசையா கேக்குறீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரல, ஆனா இல்ல.

நம்மது எழுத்துக்களையே மூணு குடும்பமா பிரிக்கிறது. கசடதபற வல்லினம், ஙஞணநமன மெல்லினம், யரலவழள இடையினம், உங்களுக்கு நான் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. மெல்லினம்னா மூக்கு வழியா வர்றது. அவங்களோடது ஒரே எழுத்து ரெண்டு சத்தம் போடுறது, சி-ங்கிற எழுத்து பூனைங்கிற கேட்-ல க, சிட்டி-ல ச. லத்தீன்ல அது எங்கயும் க-தான், பின்னாடி இ, எ வந்த எடத்துல நாக்கு வழுக்கி வழுக்கி ச-வாப் போச்சு. அதுக்கு நம்மகிட்ட சமமா ஒண்ணு தேடணும்னா வல்லினத்துக்கு உள்ளயே தேடணும். கல்லுல வர்ற க, தங்கத்துல வர்ற க, பகல்ல வர்ற க மூணையும் சொல்லிப் பாருங்க, எழுத்து ஒண்ணு, சத்தம் மூணு. பகல்ல வர்ற க மெத்துன்னுதான் இருக்கு, இருந்தாலும் அதுக்குப் பேரு வல்லினம்தான்.

நம்ம பெரியவங்க கிட்ட எனக்குப் பிடிச்சது அந்த இடையினம். ரெண்டு முனைய வச்சுட்டு நடுவுல ஒரு திண்ணையும் கட்டி வச்சாங்க. கம்ப்யூட்டர்காரங்களுக்கும் கடைசியில திண்ணை தேவைப்பட்டுச்சு, ஹார்டுவேரும் இல்லாம சாஃப்ட்வேரும் இல்லாம மிஷினுக்குள்ளயே எழுதி வைக்கிறதுக்கு 1967-ல ஃபர்ம்வேர்னு பேரு வச்சாங்க.

கேள்வி: ஹார்டு கேஷ்னா கட்டுக்கட்டா இருக்குற பணமா? ஹார்டு கரன்சி, சாஃப்ட் லோன் இதெல்லாம் என்ன? – வாசகர், ராயவரம்

ஹார்டு கேஷ் கட்டா இருக்கணும்னு இல்ல, செக்கு, வாக்குறுதி, ஜிபே எதுவும் இல்லாம கையில எண்ணி வைக்கிற ரொக்கம், பத்து ரூபாயா இருந்தாலும் அதான். இதுக்கு எதிர் சாஃப்ட் கேஷ் கெடையாது, கடன்தான் எதிர். சாஃப்ட் லோன்னா வட்டி கம்மி, கெடு நீளம், உலக வங்கி 1960-ல ஏழை நாடுகளுக்குக் குடுக்கன்னே அதுக்குத் தனியா ஒரு அமைப்பு வச்சுச்சு. அதுக்கு நேர் எதிர்ல நம்ம பக்கம் என்ன நிக்கும்னு உங்களுக்கே தெரியும், மீட்டர் வட்டி.

ஹார்டு கரன்சின்னா எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போனாலும் வாங்கிக்கிற பணம், டாலர் மாதிரி. நம்பிக்கை போயி நாளுக்கு நாள் கரையுறது சாஃப்ட் கரன்சி. இத புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு நோட்டுல பாத்தேன். எங்க அய்யா பினாங்குக்கு கொண்டுவிக்கப் போனவுக, ஒரு கடையில அடுத்தாளா இருந்தாக. 1942-ல ஜப்பான்காரன் மலாயாவப் பிடிச்சதும் அவனே நோட்டு அடிச்சு விட்டான், பத்து டாலர் நோட்டுல வாழைமரம் தாரோட நிக்கும், அதனால வாழைமர நோட்டுன்னே பேரு. அடிச்சான், அடிச்சான், அடிச்சுக்கிட்டே இருந்தான். 1945-ல யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாதுன்னுட்டான். மூணு வருசம் கடைக் கணக்குல வரவு வச்சதெல்லாம் ஒரே நாள்ல வெறும் காயிதம்.

அதுல ஒரு நோட்ட அய்யா தூரப் போட மனசில்லாம பெட்டகத்துல வச்சிருந்தாக. போன பொங்கலுக்கு வீட்ட ஒழிச்சப்ப எடுத்துப் பாத்தேன், வாழையெலை பச்சை கூட மங்கல, மடிச்ச தடம் இல்ல, வெரலால சுண்டுனா இன்னிக்கும் மொடமொடன்னு சத்தம் வருது.